நாற்காலிக்கு அடியில் ஒரு ரன்வே: வீட்டுச் சிமுலேட்டருக்கு அதிர்வு சேர்ப்பது எப்படி

சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ரன்வேயில் நிறுத்தி, த்ராட்டிலை முழுசாக உள்ளே தள்ளுகிறீர்கள். திரையில் இருபுறமும் புல்தரை பின்னால் ஓடுகிறது, ஸ்பீக்கரில் இன்ஜின் உறுமுகிறது. 55 நாட் வேகம் வந்ததும் யோக்கை, அதாவது விமானத்தின் கைப்பிடியை, மெல்ல இழுக்கிறீர்கள். சக்கரம் எந்த நொடியில் தரையை விட்டது? வீட்டில் உட்கார்ந்திருப்பவர் அதைத் திரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நிஜ விமானத்தில் பார்க்கவே தேவையில்லை. அதுவரை இருக்கைக்கு அடியில் தடதடத்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோகும். பறந்துவிட்டோம் என்பது உடம்புக்கு அப்போதே தெரிந்துவிடும்.

அந்த நொடியை வீட்டு நாற்காலிக்குக் கொண்டுவரத்தான் இவ்வளவு வேலையும். அதிர்வு நிற்பது தெரிய வேண்டுமென்றால் முதலில் அதிர வேண்டும், அப்புறம் நிற்கவும் வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டாவதில். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்: ரன்வே, இன்ஜின், ஃபிளாப் என்று ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் தரும் அதிர்வு எஃபெக்ட் எல்லாவற்றையும் முழு அளவில் வைத்து, முதல் ஒரு மாதம் மாவு மில்லில் உட்கார்ந்த மாதிரி பறந்தேன்.

எட்வின் லிங்க் 1929-ல், நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் ஊரில் ஒரு பயிற்சிப் பெட்டி செய்தார். அதில் திரையே கிடையாது. அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளை வைத்து, பெட்டியைச் சாய்த்தும் திருப்பியும் காட்டினார். அவரிடம் அசைவு இருந்தது, படம் இல்லை. நம்மிடம் அருமையான படம் இருக்கிறது, நாற்காலி மட்டும் செத்துக் கிடக்கிறது.

எதை வாங்குவது

உடம்புக்கு உணர்த்த மூன்று நான்கு வழிகள் உண்டு. ஆறு கால் வைத்த நகரும் மேடை ஒன்று. பணமும் இடமும் நிறையக் கேட்கும், முதல் படிக்கு வேண்டாம். விசை தரும் ஸ்டிக் இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. இப்போது விபிஃபோர்ஸ் ரைனோ, மோசா ஏபி9 போன்றவை இருக்கின்றன. டிரிம் செய்யச் செய்ய (பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லாதபடி விசையைச் சமன் செய்வது) ஸ்டிக்கின் நடுநிலை நகர்வதை ஒருமுறை கையில் உணர்ந்தவர் திரும்பி வரமாட்டார். ஆனால் அதற்கும் விலை அதிகம். மூன்றாவது, சின்னச் சின்ன மோட்டார்கள் வைத்துத் தைத்த மெத்தை. நாற்காலி மேல் விரித்தால் போதும், ஸ்க்ரூ வேலை எதுவும் இல்லை. ஆனால் அது தரும் உணர்வு ஃபோன் வைப்ரேட் ஆவதைப் போல இருக்கும். ரன்வேயின் கனம் அதில் வராது.

நான் சொல்லப்போவது பேஸ் ஷேக்கர். கூம்பு இல்லாத ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கம்பிச்சுருளும் கனமான காந்தமும் இருக்கும். காற்றைத் தள்ளுவதற்குப் பதில், எதோடு முடுக்கினோமோ அதையே உலுக்கும். இதன் ராஜ்ஜியம் சுமார் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. டேட்டன் ஆடியோ நிறுவனத்தின் டிடி25 என்ற 'பக்', உள்ளங்கை அளவு, 8 ஓம். அதே நிறுவனத்தின் பிஎஸ்டி-1 பெரியது, 4 ஓம், 50 வாட். பட்கிக்கர் என்ற பிராண்டு ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தே விற்கிறது. பிளக்கைச் செருகிவிட்டு வேலையைப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது சரி. புதியவர் ஒரே ஒரு ஷேக்கரோடு ஆரம்பித்தால் போதும். நான்கு வாங்கி நான்கு மூலையில் வைப்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து யோசிக்க வேண்டியது.

அடுத்தது ஆம்ப். டிபிஏ3116 என்ற சிப் உள்ள சின்ன போர்டுகள் ஆன்லைனிலும், சென்னையில் ரிச்சி தெருவிலும் கிடைக்கும். பெட்டியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சிப் 26 வோல்ட் வரைதான் தாங்கும். பவர் சப்ளைக்கு, ஓரமாகக் கிடக்கும் பழைய லேப்டாப் சார்ஜர் போதும். பெரும்பாலும் 19 வோல்ட் தரும், முழுக்க மூடியது, கை படும் இடத்தில் 230 வோல்ட் இருக்காது. திருகுமுனை வெளியே தெரியும் உலோகப் பெட்டி சப்ளைகளைப் புதியவர்கள் நாற்காலிக்கு அடியில் வைக்கவே கூடாது. கால் படும் இடம், தண்ணீர் பாட்டில் உருளும் இடம் அது. சின்னப் பக் ஷேக்கர் என்றால் 12 வோல்ட் அடாப்டரே போட்டுவிடுங்கள். 8 ஓமில் அந்த வோல்ட்டுக்கு ஒலி சிதையாத வரை 9 வாட் அளவுதான் போகும், எரியும் பயம் குறைவு. ஆரம்பத்தில் இந்த நிம்மதி பெரிய விஷயம்.

கடைசியாக, தனியாக ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு. இதை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

முடுக்குவது

ஷேக்கரின் பலத்தில் எவ்வளவு உங்கள் உடம்புக்கு வருகிறது என்பது அதை எங்கே, எப்படி முடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெல்க்ரோ, இரட்டைப்பக்க டேப், கேபிள் டை எதுவும் ஆகாது. மெத்தைக்குள் செருகினால் பஞ்சு பாதியைக் குடித்துவிடும்.

ஆபீஸ் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மெத்தைக்கு அடியில் பிளைவுட் பலகையும், அதில் நான்கு போல்ட்டால் பிடித்த இரும்புத் தட்டும் இருக்கும். அந்தப் பலகையில், தட்டுக்குப் பின்னால், உங்கள் இடுப்பெலும்பு வந்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழே ஷேக்கரை வையுங்கள். பலகை 12 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ஸ்க்ரூ முனை மெத்தை வழியாக மேலே வராமல் அளந்துகொள்ளுங்கள். அடியில் பிளாஸ்டிக் மூடி மட்டும் இருந்தால் அதில் முடுக்காதீர்கள், அது ஷேக்கரைவிடச் சத்தமாக ஆடும். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள். அதிர்வின் முதல் வேலையே தன்னைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றுவதுதான்.

உருளும் ஆபீஸ் நாற்காலியைவிட, பழைய கார் சீட்டு நல்லது. சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். அதன் அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் ஒரு பட்டைத் தகடு குறுக்கே போட்டு, அதில் ஷேக்கரை முடுக்கினால் அதிர்வு முதுகு வரைக்கும் ஏறும்.

நாற்காலிக் காலுக்கு அடியில் ரப்பர் வேண்டும். வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் கனத்த ரப்பர் பாதங்கள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நான் அதை வாங்கியது ஷேக்கர் பொருத்தி ஒரு வாரம் கழித்து. கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் நிறுத்தி, "ராத்திரி பதினோரு மணிக்கு உங்க வீட்டுல யாருப்பா கிரைண்டர் போடறது?" என்று கேட்டார். மாமி கேட்டது போயிங் 737 தரையிறங்கியதை. ரப்பர் வைத்த பிறகு சிமெண்டுத் தளத்துக்குப் போவது வெகுவாகக் குறைந்தது, நமக்கு வருவதும் கூடியது. முற்றிலும் போகாது. பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன் மட்டும்தான் என்பது வீட்டு ஒப்பந்தம்.

வயரும் 50 ஹெர்ட்ஸும்

இணைப்பு எளிது. கணினியின் யுஎஸ்பி, அதில் சவுண்ட் கார்டு, அதிலிருந்து ஆம்ப், ஆம்பிலிருந்து சாதாரண ஸ்பீக்கர் வயரில் ஷேக்கர். இரண்டு 4 ஓம் ஷேக்கர்களை ஒரே முனையில் பக்கவாட்டாக இணைத்தால் ஆம்ப் பார்ப்பது 2 ஓம். சின்ன ஆம்ப் அதில் சூடாகிச் செத்துப்போகும். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8 ஓம், பிரச்சினை இல்லை.

எல்லாம் இணைத்து ஆம்பைப் போட்டதும், எதுவும் ஓட்டாமலே நாற்காலி எறும்பு ஊர்வதைப் போல நமநமக்கிறதா? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைவது, அதாவது 50 ஹெர்ட்ஸ். சாதாரண ஸ்பீக்கரில் அது லேசான 'ஹூம்' ஆக இருக்கும், கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். ஷேக்கருக்கோ 50 ஹெர்ட்ஸ் நடுவீட்டு இடம். கணினியின் எர்த் ஒரு வழியாகவும், மூன்று முள் உள்ள லேப்டாப் சார்ஜரின் எர்த் இன்னொரு வழியாகவும் வந்து, ஆடியோ வயரின் மூலம் வட்டம் போட்டுக்கொள்வதால் வருவது இது. ஆடியோ வயரைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் அதுதான் காரணம்.

முதலில் இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். ஆடியோ வயரைக் குட்டையாக வையுங்கள், மின்வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்படியும் போகவில்லை என்றால், எர்த் முள்ளே இல்லாமல் இரண்டு முள்ளோடு தயாரான பவர் அடாப்டருக்கு மாறுங்கள். எர்த் முள்ளை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது. ஆடியோ வயரில் செருகும் மலிவான ஐசொலேட்டர்களும் உண்டு. ஆனால் அவற்றின் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 20, 30 ஹெர்ட்ஸைப் பலவீனமாக்கிவிடும். ஹூம்மோடு ரன்வேயும் போய்விடும்.

விண்டோஸில் புதிய சவுண்ட் கார்டைத் தேடி, அதற்கு 'ஷேக்கர்' என்று பெயர் வையுங்கள். டீஃபால்ட் கருவியாக உங்கள் ஹெட்ஃபோனே இருக்கட்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் சேதி வரும்போதெல்லாம் நாற்காலி ஒரு குத்து விடும். ஷேக்கர் கார்டில் என்ஹான்ஸ்மெண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தனிக் கார்டு கேட்டது இதற்காகத்தான்.

சத்தமா, தரவா

விளையாட்டின் ஒலியையே வடிகட்டி ஷேக்கருக்குக் கொடுப்பது ஒரு வழி. 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டால் பேச்சுக்குரல் பெரும்பாலும் போய்விடும். அமைக்க ஐந்து நிமிடம். முதல் நாள் மாலை இப்படிப் போட்டு அனுபவியுங்கள், தப்பில்லை. ஆனால் விமானம் நிற்கும்போதும் பறக்கும்போதும் இன்ஜின் ஒலி இருந்துகொண்டே இருக்கும், ரன்வேயின் தடதடப்பு அதில் முங்கிப்போகும். நாம் தேடிய அந்த நொடி கிடைக்காது.

இன்னொரு வழி தரவு. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் சிம்கனெக்ட் என்ற வாசல் இருக்கிறது, 2006-ன் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் காலத்திலிருந்தே. சக்கரம் தரையில் இருக்கிறதா, வேகம் என்ன, இன்ஜின் எத்தனை சுற்று, ஃபிளாப் எவ்வளவு இறங்கியது எல்லாம் அதன் வழியாகக் கேட்டு வாங்கலாம். சிம்ஷேக்கர், சிம்ஹப் போன்ற மென்பொருள்கள் இந்த எண்களை வாங்கி அதிர்வாக மாற்றி, நாம் பெயர் வைத்த சவுண்ட் கார்டுக்கு அனுப்புகின்றன. டிசிஎஸ் என்ற போர்விமானச் சிமுலேட்டர் விளையாடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் தரவு வெளியேறுவது எக்ஸ்போர்ட்.லுவா என்ற ஒரே கோப்பின் வழியாக. ரேடியோ மென்பொருள், பதிவு மென்பொருள் எல்லாம் அதே கோப்பில் தங்கள் வரியைச் சேர்க்கும். எதையும் நிறுவும் முன் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அளவு வைப்பது

வாங்கி மாட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அளவு வைக்க ஒரு மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

முதலில் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். இணையத்தில் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் ஒன்றைத் திறந்து, ஷேக்கர் கார்டுக்கு 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 80 வரை மெல்ல ஏற்றிக்கொண்டே நாற்காலியில் உட்காருங்கள். ஒரே அளவில்தான் அனுப்புகிறீர்கள், ஆனால் ஏதோ ஒரு இடத்தில் நாற்காலி பேய் பிடித்த மாதிரி ஆடும். பக் ஷேக்கரின் சொந்த ஒத்ததிர்வு 40-ஐச் சுற்றி. நாற்காலியும் உங்கள் எடையும் சேர்ந்து அதைக் கொஞ்சம் நகர்த்தும். எனக்கு 43-ல் வந்தது. எந்தெந்த ஸ்க்ரூ, எந்த மேசை இழுப்பறை கூடவே கிடுகிடுக்கிறது என்பதும் இப்போதே தெரியும். 'டக் டக்' என்று உலோகம் மோதும் சத்தம் கேட்டால், உள்ளே இருக்கும் எடை எல்லையில் முட்டுகிறது என்று பொருள். உடனே குறையுங்கள். ஆம்ப் குமிழின் உச்சவரம்பு அதற்குக் கொஞ்சம் கீழே. மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

நாற்காலி பேயாட்டம் ஆடும் அந்த உச்சம் எங்கே என்பது ஏன் முக்கியம்? செஸ்னா 172-ன் இன்ஜினில் நான்கு சிலிண்டர். ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் அது நொடிக்கு 80 துடிப்பு. தரையில் மெல்ல ஊரும்போது 1,200 சுற்று, அதாவது 40 துடிப்பு. நேராக ஷேக்கரின் உச்சத்தில் போய் விழுகிறது. விளைவு, டாக்ஸி செய்யும்போது நாற்காலி அலறும், முழு சக்தியில் டேக்-ஆஃப் செய்யும்போது சாதுவாகிவிடும். உலகத்தைத் தலைகீழாக்கிய மாதிரி. ஷேக்கர் பழுது என்று நினைத்து ஒரு வாரம் வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஹெர்ட்ஸின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை ஷேக்கர் கார்டுக்கு மட்டும் நிறுவி, உச்சம் வரும் இடத்தில் 6 முதல் 9 டெசிபல் வெட்டியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் எஃபெக்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறங்கள். முதலில் ரன்வே. தரைவேகத்தோடு சேர்ந்து ஏற வேண்டும், சக்கரம் தரையை விட்டதும் இழுபறி இல்லாமல் அறுந்துபோக வேண்டும். சில மென்பொருளில் அதிர்வை மெல்லக் குறைக்கும் வசதி இருக்கும். இங்கே அதைப் பூஜ்ஜியமாக்குங்கள். இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் பறந்து பாருங்கள்.

அடுத்தது தரைதொடும் குத்து. இறங்கும் வேகத்துக்கு ஏற்ற அளவில் ஒரே அடி. நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் தொட்டதும் 500 அடி வேகத்தில் விழுந்ததும் ஒரே மாதிரி இருந்தால் பயனில்லை. மூன்றாவது, ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழப்பது) முன் வரும் நடுக்கம். இங்கே விமானத்தைப் பார்த்து முடிவெடுங்கள். 737-ல் கட்டுப்பாட்டுத் தண்டில் சமநிலை கெட்ட எடையைச் சுழற்றும் மோட்டார் இருக்கிறது, ஸ்டால் நெருங்கினால் தண்டையே உலுக்கும். ஏர்பஸ் ஏ320-ல் அப்படி ஒன்று கிடையாது, குரல்தான் எச்சரிக்கும். ஏ320 ஓட்டும்போது ஸ்டிக் ஷேக்கர் எஃபெக்ட் அடித்தால், அது இல்லாத சாதனத்தின் அதிர்வு. விமானத்துக்கு ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன ஆடம்பரம், பெரிய விமான நிலையம் பிடித்தவர்களுக்கு. ரன்வேயின் நடுக்கோட்டில் பதித்த விளக்குகள் மேல் மூக்குச் சக்கரம் ஏறினால் 'தட்' என்று ஒரு குத்து வரும். பைலட்டுகள் பலர் கொஞ்சம் விலகி ஓட்டுவதே இதற்காக. விளக்குகளுக்கிடையே 15 மீட்டர் என்றால், 60 நாட் வேகத்தில் நொடிக்கு இரண்டு தட், 120 நாட்டில் நான்கு. உங்கள் மென்பொருளில் சொந்த எஃபெக்ட் எழுத முடிந்தால் இந்தக் கணக்கை வைத்துச் செய்துபாருங்கள்.

கியர், ஃபிளாப், ஸ்பீட்பிரேக் எல்லாம் பின்னால் வரட்டும், ஒவ்வொன்றும் வந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான். இன்ஜினைக் கடைசியாகத் திறந்து, உணர்ந்த இடத்திலிருந்து பாதியாகக் குறையுங்கள். 35,000 அடியில் ஜெட் விமானத்தின் இருக்கை கிட்டத்தட்ட அசையாமல்தான் இருக்கும். உங்கள் நாற்காலியும் அங்கே சும்மா இருக்கட்டும். அரை மணிநேரம் பறந்தபின் ஷேக்கரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஏதோ ஒரு எஃபெக்ட் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் ஒரு பரீட்சை. வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி, நீங்கள் ஹெட்ஃபோன் இல்லாமல், கண்ணை மூடி, ஷேக்கர் நாற்காலியில் உட்காருங்கள். எப்போது எழும்பியது, எப்போது தொட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என் மகன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, செஸ்னாவில் ஐந்து சுற்று சுற்றினான். ஐந்து டேக்-ஆஃபையும் சரியாகச் சொன்னேன். லேண்டிங்கில் நான்கு. ஐந்தாவதுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். "அப்பா, இறங்கி அரை நிமிஷம் ஆச்சு" என்றான். திரையைப் பார்த்தால் ரன்வே ஓரத்துப் புல்லில் ஓடிப்போய் நின்றிருந்தது. புல்தரைக்கு எஃபெக்ட் போட மறந்திருந்தேன்.